உள்ளுக்கு ஒன்றுமில்லாத கோட்

இத்தாலிய ஆடை வடிவமைப்பாளர் ஜோர்ஜியோ அர்மானி 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி மிலான் நகரில் காலமானார். 91 வயது. அன்றைக்கு முகப்புத்தகத்தைத் திறந்தால் எங்கே பார்த்தாலும் சினிமா நட்சத்திரங்கள் அவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிற படங்கள். வெளிநாட்டில் இருக்கிற எங்கட பெடியள் சிலர் தங்கட கலியாணப் படத்தைப் போட்டு, "நானும் அர்மானிதான்" என்று எழுதியிருந்தார்கள். நான் ஒன்றும் போடவில்லை. போட்டிருந்தால் ஒரு கோட்டைப் புரட்டி உள்பக்கத்தைத்தான் படம் எடுத்துப் போட்டிருப்பேன். அந்த மனுசன் செய்த வேலை அங்கேதான் இருக்கிறது.

நான் யாழ்ப்பாணத்தில் கோட் தைக்கிறவன். நவீன சந்தையிலிருந்து கொஞ்சம் தள்ளி, படியேறிப் போகிற சின்னக் கடை. பெரியப்பாவிடம் தொழில் பழகினேன். அவருக்குக் கண் மங்கத் தொடங்கியதும் கடை என் கைக்கு வந்தது. யாழ்ப்பாண வெயிலில் கோட் தைத்துச் சீவிக்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. சீவிக்கலாம். சட்டத்தரணிமாருக்குக் கறுப்புக் கோட் வேணும். மார்ச் மாதம் சென்ரலும் சென் ஜோன்ஸும் மோதுகிற வடக்கின் சமர் கிரிக்கெட் போட்டிக்கு முன்னால் பிளேசர் கேட்டுப் பெடியள் வருவார்கள். பட்டமளிப்பு, கலியாண எழுத்து, வரவேற்பு எல்லாம் அதற்கு மேலே. கோட்டுப் போட்ட மாப்பிள்ளை மண்டபத்து மின்விசிறிக்குக் கீழே நின்று வேர்த்து ஒழுகுவதை எத்தனையோ கலியாணத்தில் பார்த்திருக்கிறேன். பாதிக் கோட் என் கையால் தைத்ததாக இருக்கும். மாப்பிள்ளையின் கண்ணில் படாமல் பந்திக்குப் போய்விடுவேன்.

பெரியப்பா தொழில் பழகியது கொழும்புக் கோட்டையில், முந்தி வெள்ளைக்காரருக்குத் தைத்த ஒரு பழைய கடையில். அவருடைய கோட்டில் வெளித்துணியைவிட உள்வேலைதான் அதிகம். தோளிலிருந்து கீழ்விளிம்பு மட்டும் கன்வஸ் என்ற விறைப்பான துணி. நெஞ்சில் அதற்கு மேலே குதிரைமயிர் கலந்து நெய்த இன்னொரு துண்டு. அந்த மயிர் மேலில் குத்தாமல் இருக்க ஒரு கம்பளித் துணி. தோளுக்குப் பஞ்சு பாட். கை வந்து தோளில் பூட்டுகிற இடத்தில் பஞ்சுப் பட்டி. நெஞ்சு மடிப்பு உருண்டு நிற்பதற்கு அதன் அடியில் நூற்றுக்கணக்கான சின்னத் தையல், வெளியே ஒரு நூல் தெரியக்கூடாது. பிறகு இவ்வளவையும் மூடி லைனிங். கழற்றிக் கொளுவி விட்டாலும் உள்ளே ஆள் நிற்கிற மாதிரியே நிற்கும். கூனல் முதுகு, சரிந்த தோள், ஒட்டின நெஞ்சு எல்லாம் அதற்குள் மறைந்துவிடும். சனம் காசு தந்தது அதற்குத்தான்.

1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் ஆனை விலை, சவர்க்காரத்துக்கே தட்டுப்பாடு. கன்வஸுக்கு எங்கே போவது? ஆனாலும் கலியாணங்கள் நிற்கவில்லை. பெரியப்பா கோதுமை மா வந்த சாக்கைத் தோய்த்து, கஞ்சி போட்டுக் காயவைத்து, சிரட்டைக் கரிப் பெட்டியால் அழுத்தி, அதைக் கோட்டின் நெஞ்சுக்குள் வைத்துத் தைத்தார். கால்மெசின் என்றபடியால் மின்சாரம் இல்லாதது எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் ஊரே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது மெசின் தலையைக் கழற்றி, சைக்கிள் கரியரில் கட்டி, அந்தச் சன நெரிசலுக்குள் தள்ளிக்கொண்டு போனோம். சாவகச்சேரியில் ஒரு மாட்டுக்கொட்டில் ஓரத்தில் மெசினைப் பூட்டியதும் அவர் முதலில் தேடினது மாச் சாக்குத்தான். உள்ளுக்கு ஒன்றும் வைக்காமலே கோட் தைக்கலாம் என்ற எண்ணம், கையில் ஒன்றுமே இல்லாத அந்தக் காலத்திலும் எங்கள் ஒருவருக்கும் வரவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சில வருசத்துக்கு முதல் ரொறன்ரோவிலிருந்து ஒரு அண்ணை கடைக்கு வந்தார். மகளின் கலியாணத்தை நல்லூரில் வைக்கிறாராம். கையில் ஒரு பழைய கோட். சாம்பலும் மணலும் கலந்த ஒரு நிறம். எங்கட ஊரில் அந்த நிறத்தை ஒருவரும் விரும்பி வாங்கமாட்டார்கள், புழுதி பிடித்தது போல என்பார்கள்.

"தம்பி, இது அர்மானி. நான் ரெண்டு வேலை செய்து, மலிவு போட்ட நேரத்தில வாங்கினது. எழுத்துக்குப் போட்டது. இப்ப சீனி வருத்தம் வந்து உடம்பு வத்திப்போச்சு. கொஞ்சம் சுருக்கித் தரோணும். கவனம்."

"விடுங்கோ அண்ணை. பார்ப்பம்."

தூக்கினதும் முதலில் பிடிபட்டது பாரம். பாரமே இல்லை. ஒரு சேட்டைத் தூக்கின பாரம்தான். மேசையில் போட்டால் விறைத்து நிற்காமல் அப்படியே சரிந்து படுத்தது. நெஞ்சுப் பக்கத்தை விரலுக்கிடையில் வைத்து உருட்டிப் பார்த்தேன். கன்வஸ் இருந்தால் நரநரவென்று தெரியும். இதில் மெல்லிய ஒட்டுத்துணி ஒரு துண்டு, அதுவும் மேல்பாதியில் மட்டும். தோளில் பாட் என்ற பெயருக்கு விரல் தடிப்புக்கூட இல்லை. முதுகில் லைனிங் அரைவாசியோடு நின்றுவிட்டது.

அங்கேதான் நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். லைனிங் என்பது தையல்காரனுக்குப் பெரிய உதவி. உள்ளே எவ்வளவு கள்ள வேலை செய்தாலும் அது மூடிவிடும்: நூல் பிசிறு, கோணல் வெட்டு, கிழிந்ததை ஒட்டினது, எல்லாம். அரை லைனிங் கோட்டில் ஒளிக்க இடமில்லை. இந்தக் கோட்டில் முதுகுத் தையலின் இரண்டு விளிம்பையும் கோட்டின் நிறத்திலேயே ஒரு மெல்லிய பட்டியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள், மேலிருந்து கீழ் மட்டும் ஒரே அளவில். அதைப் பிரித்து, சுருக்கி, திரும்ப அதே மாதிரிக் கட்ட வேண்டும். சாதாரணமாக அரை மணித்தியாலத்தில் முடிகிற வேலை ஒரு பின்னேரத்தைச் சாப்பிட்டது.

பெரியப்பா அன்றைக்குக் கடைக்கு வந்திருந்தார். கண் தெரியாவிட்டாலும் கை பார்க்கும். தடவிப் பார்த்துவிட்டு, "உதுக்கை ஒண்டுமில்லையேடா. பாவம், காசைப் பிடுங்கிப்போட்டு அனுப்பியிருக்கிறாங்கள்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் போட்டுப் பார்க்கக் கேட்டார். போட்டார். கையை முன்னுக்கு நீட்டினார், மடக்கினார், குனிந்து செருப்பைத் தொட்டார், கதிரையில் இருந்து எழும்பினார். எங்கட கோட் என்றால் கையைத் தூக்கின உடனே முழுக்கோட்டும் காதுக்குப் போகும். இது ஆளோடு வந்தது, ஆளோடு திரும்பிப் போனது. கழற்றாமலே நின்று சொன்னார்:

"தையல்காரன் ஒருத்தன் இதைச் செய்திருக்கமாட்டான். படிச்சதை விட மனம் வராது. இது வெளியில இருந்து வந்தவன் செய்த வேலை."

அவருக்கு அர்மானி யார் என்று ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் சொன்னது அச்சொட்டாகச் சரி.

அர்மானி தையல் பழகினவர் இல்லை. 1934 ஜூலை 11இல் வட இத்தாலியில் பியாசென்சா என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் ஊகோ, மரியா. மூன்று பிள்ளைகள், வசதி இல்லை, அதற்கு மேலே உலகப் போர். அந்த ஊரில் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டன. சின்ன வயதில் விளையாடப் போன இடத்தில் வெடிக்காமல் கிடந்த வெடிபொருள் ஒன்று வெடித்து, அவருக்கு மோசமான எரிகாயம், ஆசுபத்திரியில் கிடந்தார். இதைப் படிக்கிற யாழ்ப்பாணத்தாருக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சண்டை முடிந்து எத்தனையோ வருசம் கழித்தும் முகமாலையில் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தார்கள். பளபளப்பாக எதையாவது கண்டால் தொடாதே என்று பள்ளிக்கூடத்தில் படம் காட்டிச் சொல்லிக் கொடுத்த தலைமுறை எங்களது. கோடிக்கணக்கில் உழைத்த மனுசனின் கதையில் எனக்குக் கிட்டத்தில் வந்து நின்ற இடம் இதுதான்.

பிறகு மிலானில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். பாதியில் விட்டார். இராணுவ சேவைக் காலத்தில் வெரோனாவில் இராணுவ வைத்தியசாலையில் வேலை. அதுவும் ஒட்டவில்லை. 1957இல் லா ரினாஷென்ட்டே என்ற பெரிய கடையில் சேர்ந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைகளுக்கு உடுப்புப் போட்டு அலங்கரிக்கிற வேலை செய்தார். மருத்துவத்துக்கு எடுபட்ட பிள்ளை அதை விட்டுவிட்டுக் கடைப் பொம்மைக்குச் சேட்டு மாட்டப் போனால் எங்கட ஊரில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தாய் நல்லூரானுக்கு நேர்த்தி வைப்பா. மாமாமார் மூன்று பேர் கொழும்பிலிருந்து பஸ் ஏறுவார்கள். பக்கத்து வீட்டு ரியூசன் மாஸ்டர் தன் பங்குக்கு வந்து புத்தி சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போவார். அர்மானியின் தாய் என்ன சொன்னாரோ, பிள்ளை போன வழியில் போகவிட்டிருக்கிறார்.

அந்தக் கடையில் பிறகு ஆண்கள் உடுப்பைக் கொள்வனவு செய்கிற பகுதிக்கு மாறினார். என் கணக்கில் அவருடைய பள்ளிக்கூடம் அதுதான். தையல்காரன் கோட்டை மேசையில் வைத்துப் பார்க்கிறான். கடையில் நிற்கிறவன், சனம் கோட்டைப் போட்டுப் பார்த்துத் தோளைக் குலுக்கி, முகத்தைச் சுளித்து, திரும்ப வைத்துவிட்டுப் போவதைப் பார்க்கிறான். 1960களின் நடுவில் ஆடை வடிவமைப்பாளர் நினோ செருத்தியிடம் போய்ச் சேர்ந்தார். செருத்தி குடும்பத்துக்கு வட இத்தாலியின் பியெல்லா நகரில் 1881இலிருந்து கம்பளி ஆலை. துணி நெய்கிற இடத்துக்குக் கிட்ட நின்று, எந்தத் துணி எப்படி விழும் என்று அங்கே பார்த்துப் படித்தார்.

1975இல் சேர்ஜியோ கலியோத்தி என்ற தன் துணைவரோடு மிலானில் சொந்தக் கம்பனி தொடங்கினார். கட்டட வரைபடம் கீறுகிற தொழிலில் இருந்தவர் கலியோத்தி. கணக்கு வழக்கு, ஆள் பிடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. முதலுக்குத் தங்கட வோக்ஸ்வாகன் காரை விற்றார்கள். அப்புறம்தான் அந்தக் கோட்: தோள் பஞ்சை எடு, லைனிங்கைக் குறை, கன்வஸை விடு, பொத்தானைக் கீழே இறக்கு, பெண்கள் உடுப்புக்குப் பாவிக்கிற மாதிரி மெல்லிய, தொய்கிற துணியை எடு.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மெதுமையான கோட்டை அர்மானிதான் கண்டுபிடித்தார் என்று எழுதுகிறவர்கள் தென் இத்தாலியில் இருக்கிற நாப்போலி (நேப்பிள்ஸ்) நகரத்துத் தையல்காரரை மறந்துவிடுகிறார்கள். 1930களிலேயே அங்கே ரூபினாச்சி கடையில் வின்சென்சோ அத்தோலினி என்ற வெட்டுக்காரர் தோள் பஞ்சையும் கன்வஸையும் குறைத்து, சேட்டுப் போலத் தோள் வைத்துக் கோட் வெட்டினார். நாப்போலியும் வெக்கையான ஊர்தான். (பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, தையல்காரன் ஒருவனும் செய்யமாட்டான் என்று தான் சொன்னதை விட்டுக்கொடுக்கவில்லை. "அவன் அளவெடுத்து ஒராளுக்குத் தைச்சவன். அது வேற" என்றார்.) அந்த வேறுபாட்டில்தான் விசயமே இருக்கிறது. ஒரு ஆளுக்கு அளவெடுத்து, ரெண்டு தரம் போட்டுப் பார்த்துத் தைக்கிற கோட்டில் உள்வேலையைக் குறைக்கலாம்; வெட்டிலேயே ஆளின் உடம்பு வந்துவிடும். முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு அளவு நம்பர் போட்டு ஆலையில் தைக்கிற கோட்டில் அதைச் செய்வது பேய் வேலை. அர்மானி 1978இல் தூரினில் இருந்த ஜிஎஃப்டி என்ற பெரிய ஆடைத் தொழிற்சாலையோடு ஒப்பந்தம் செய்து அதைத்தான் செய்வித்தார். ரொறன்ரோ அண்ணைக்கு மலிவு விலையில் ஒரு அர்மானி கோட் கைக்கு எட்டினதற்குக் காரணம் அந்த ஆலைத் தையல்.

சரி, சினிமாவுக்கு வருவோம். 1978இல் நடிகை டயான் கீட்டன் ஒஸ்கார் வாங்கப் போனபோது அர்மானி கோட் போட்டிருந்தார். 1980இல் அமெரிக்கன் ஜிகோலோ என்ற படம் வந்தது. அதில் ரிச்சர்ட் கியர் வெளியே போகமுதல் கட்டிலில் கோட், சேட், ரை எல்லாவற்றையும் பரப்பி வைத்து, எதை எதோடு போடலாம் என்று பாட்டுப் பாடிக்கொண்டு தெரிவு செய்கிற ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தை நான் கைத்தொலைபேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன், நடிப்புக்காக இல்லை. கோட்டைக் கட்டிலில் வீசுகிறார், அது விழுந்து மடிகிற விதத்தைப் பாருங்கள். 1982இல் ரைம் சஞ்சிகையின் அட்டையில் அர்மானி. ஏழு வருசத்துக்கு முதல் கார் விற்ற மனுசன்.

1985இல் கலியோத்தி இறந்தார். 40 வயது. கணக்குப் பார்த்தவர் போய்விட்டார், இனிக் கம்பனி படுத்துவிடும் என்று பேசினார்கள். அர்மானி கணக்கையும் தானே பார்க்கத் தொடங்கினார். மற்றப் பெரிய பெயர்கள் பல ஒவ்வொன்றாகப் பிரெஞ்சுக் கம்பனிகளுக்குக் கைமாறின காலத்திலும் சாகும்வரை தன் கம்பனியைத் தன் கையிலேயே வைத்திருந்தார்.

மிச்ச வளர்ச்சியை நான் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். எம்போரியோ அர்மானி என்ற இன்னொரு ஆடைப் பிரிவு, வாசனைத் தைலம், கண்ணாடி, தளபாடம், 2010இல் துபாய் புர்ஜ் கலீபாவுக்குள் ஒரு ஹோட்டல், ஒரு கூடைப்பந்து அணி. எங்கட ஊருக்கு வந்து சேர்ந்தது இரண்டு: வெளிநாட்டுச் சித்தப்பாமார் கொண்டுவருகிற அக்வா டி ஜியோ வாசனைத் தைலப் போத்தல், மற்றது நடைபாதையில் தொங்குகிற கழுகுச் சின்ன ரீசேட். அந்தக் கழுகு சில ரீசேட்டில் வலப்பக்கம் பார்க்கும், சிலதில் இடப்பக்கம் பார்க்கும். ஒன்றில் கோழிதான். அவரோ இவ்வளவையும் விற்றுக்கொண்டு, தான் எந்நாளும் ஒரு கடும்நீல ரீசேட்டோடு நின்றார்.

2020 பெப்ரவரியில் மிலானில் கொரோனா பரவத் தொடங்கினபோது பார்வையாளர் ஒருவரையும் விடாமல் வெறும் மண்டபத்தில் தன் ஆடைக் காட்சியை நடத்தி இணையத்தில் ஒளிபரப்பினார். அடுத்த மாதம் இத்தாலியில் இருந்த தன் ஆலைகளை வைத்தியசாலை ஊழியருக்கான பாதுகாப்பு உடுப்புத் தைக்க மாற்றிவிட்டார். மருத்துவப் படிப்பை விட்டவர் கடைசியில் வைத்தியருக்கே தைத்தார். நாங்களும் அந்தக் காலத்தில் கோட்டு வேலையை மூட்டை கட்டி வைத்துவிட்டு முகக்கவசம்தான் தைத்தோம். லைனிங் துணி அதற்குத்தான் முடிந்தது.

புகழ்ந்துகொண்டே போவதற்கும் நான் தயாரில்லை. 2024 ஏப்ரலில் மிலான் நீதிமன்றம் அவருடைய குழுமத்தில் ஒரு கம்பனியை நிர்வாகியின் மேற்பார்வைக்குக் கீழே கொண்டுவந்தது. வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர், அதை வேறு சின்னப் பட்டறைகளுக்குக் கைமாற்றி, அங்கே தொழிலாளரைக் குறைந்த கூலிக்குக் கசக்கிப் பிழிந்ததாக விசாரணை. கம்பனி தன் பக்கத்தில் தவறில்லை என்றது. திருத்தங்கள் செய்ததால் 2025 பெப்ரவரியில் அந்த மேற்பார்வை நீக்கப்பட்டது. ஆனாலும் அந்த ஆண்டு ஓகஸ்டில் இத்தாலியின் வர்த்தகப் போட்டி ஆணையம், தொழிலாளர் விசயத்தில் வாடிக்கையாளருக்குத் தவறான எண்ணம் கொடுத்ததாக 35 இலட்சம் யூரோ தண்டம் போட்டது. அதற்கு அடுத்த மாதம்தான் மனுசன் செத்தது. துண்டுக்கு இவ்வளவு என்று தைத்துக் கொடுத்த எவருக்கும் இந்தக் கைமாற்று வியாபாரம் புதிதில்லை. மேலே இருக்கிறவர் ஒரு விலை சொல்வார், நடுவில் இருக்கிறவர் தன் பங்கை எடுப்பார், கீழே மெசினில் குந்தியிருக்கிறவளிடம் வந்து சேரும்போது நூற்காசும் மிஞ்சாது. வன்னியிலிருந்து எத்தனை பிள்ளைகள் விடியமுதல் பஸ் ஏறி ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வருகிறார்கள். கோட்டின் உள்பக்கத்தைப் பார் என்று சொல்கிறவன் இதையும் பார்க்கத்தான் வேணும்.

கடைசி வேலையாக அவர் எழுதின உயிலை நான் ரசித்துப் படித்தேன். பிள்ளைகள் இல்லை. அதனால் கம்பனி தன் பெயரில் உள்ள அறக்கட்டளைக்கு. நீண்டகாலம் கூட இருந்த லியோ தெல்லோர்க்கோவுக்குப் பெரிய வாக்குப் பங்கு, மருமக்களுக்கும் பங்கு. 15 சதவீதத்தை 18 மாதத்துக்குள் விற்க வேணும். ஆடம்பரப் பொருள் விற்கிற எல்விஎம்எச், அழகுசாதனக் கம்பனி லோறியல், மூக்குக்கண்ணாடிக் கம்பனி எசிலோர்லக்சோத்திக்கா, அல்லது அவற்றைப் போன்ற தரத்தில் உள்ள ஒரு கம்பனிக்கு முன்னுரிமை. ஆனால் அறக்கட்டளையின் கையில் 30.1 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. வாழ்நாளில் ஒருவருக்கும் ஒரு துண்டு விற்காதவர், செத்த பிறகு யாருக்கு எந்தக் காலத்துக்குள் விற்பது என்று எழுதி வைத்திருக்கிறார். கோட் வெட்டுகிறவன் எந்தப் பக்கத்தில் எவ்வளவு துணி விட வேணும் என்று முதலே சோக்கால் கீறி வைக்கிற புத்திதான் அது. 2025 ஜூன் மாத ஆண்கள் ஆடைக் காட்சிக்கு வருத்தம் காரணமாக வரமுடியாமல் போனது அதுவரை நடக்காத காரியம். ஐம்பதாவது ஆண்டுக்கென்று அவர் ஆயத்தம் செய்து வைத்த காட்சி, அவர் இறந்த அதே மாதம் 28ஆம் திகதி மிலானின் பிரேரா ஓவியக்கூடத்தில் நடந்தது.

என் கடைக்கு அப்படி உயில் எழுத ஒன்றுமில்லை. மகள் கணக்கியல் படிக்கிறாள். ஊசி பிடிக்கமாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். கொடிகாமத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளைக்குக் கைத்தையல் நல்லாக வருகிறது. அந்த அர்மானி கோட்டின் முதுகுப் பட்டியை எப்படிக் கட்டியிருந்தார்கள் என்று அவளுக்குத்தான் காட்டிக் கொடுத்தேன். இப்போது என்னைவிட நேராகக் கட்டுகிறாள்.

அண்ணையின் கோட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு, கழிவுத் துணியில் நான் இரண்டொன்று வெட்டிப் பார்த்தேன். கன்வஸ் இல்லாமல் நெஞ்சு நிற்க வேணும் என்றால் வெட்டும் அயனும்தான் வழி. ஈரத்துணி போட்டு, சூட்டோடு துணியை ஓரிடத்தில் இழுத்து, இன்னோரிடத்தில் சுருங்க விட்டு, உடம்பின் வளைவைத் துணியிலேயே ஏற்ற வேணும். பொலியெஸ்டர் கலந்த துணி இதற்குச் சரிவராது, சுருங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும். நல்ல கம்பளி வேணும். அதற்கு விலை. இவ்வளவும் செய்து, மெல்லிய தோளோடு, அரை லைனிங்கோடு ஒரு கறுப்புக் கோட் தைத்துக் கடையில் கொளுவி வைத்தேன், நீதிமன்றத்துக்குப் போகிறவர்களுக்குக் காற்றோட்டமாக இருக்குமே என்று.

நெடுநாள் வாடிக்கையாளரான ஒரு சட்டத்தரணி வந்து போட்டுப் பார்த்தார். கையை ஆட்டினார். நல்லாயிருக்கு என்றார். விலையைக் கேட்டார். சொன்னேன்.

"பழைய மாதிரிக் கோட்டைவிடக் கூட எல்லே?"

"ஓம் ஐயா. வேலை கூட."

புரட்டிப் பார்த்தார். "உள்ளுக்கு ஒண்டுமில்லையே. இல்லாததுக்கு ஏன் காசு?"

நான் பட்டியைக் காட்டினேன், அயன் வேலையைச் சொன்னேன், நாப்போலியைச் சொன்னேன், கடைசியில் அர்மானியையும் சொன்னேன். நீதிமன்றத்தில் சாட்சியைக் கேட்கிற மாதிரியே பொறுமையாகக் கேட்டார். பிறகு, தோளுக்கு நல்ல தடிப்பான பாட் வைத்து, பழைய மாதிரியே ஒன்று தைக்கச் சொல்லி முற்பணம் வைத்துவிட்டுப் போனார். தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்ட முதல் நாளே ஒரு காணி வழக்கை வென்றாராம்.